வைத்தியர்களா, பீரங்கியா

அக்காவும் நானும் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் லேப்டாப்பில் ஒரு போர் விளையாட்டை ஆடிவந்தோம். இதயம் பலவீனமானதால் அவள் பட்டுக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். ஏனாத்தூரில் வேலை முடிந்து நான் வரும்வரை தனியாக ஆடமாட்டாள்.

விளையாட்டின் மிகக் கடினமான கட்டத்தில், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படையைப் பலப்படுத்த ஒரே ஒரு அப்கிரேடுதான் கிடைக்கும். எடுத்துவிட்டால் மாற்ற முடியாது. நான் பீரங்கி கேட்பேன். அவள் காயம்பட்டவர்களைக் குணமாக்கும் வைத்தியர்களைக் கேட்பாள்.

“சுடறதுக்கு ஆளே இல்லாம பீரங்கிய வெச்சுக்கினு இன்னாடா பண்ணுவ?”

கடைசிச் சண்டைக்கு முன்னால் அந்தத் தகராறு தீரவே இல்லை. அதற்குள் அவளை அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போனோம். ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போது, “நான் வர்றதுக்குள்ள பீரங்கிய எடுத்துடாதடா” என்று சிரித்தாள். அவள் உயிரோடு திரும்பவில்லை.

பல மாதங்கள் நான் அந்த விளையாட்டைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் திறந்து, வைத்தியர்களையே தேர்ந்தெடுத்தேன். எங்கள் படை விழுந்து விழுந்து எழுந்தது. கோட்டை எங்கள் வசமானபோது வெற்றி முரசு வீடெங்கும் ஒலித்தது.

சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். “இன்னாப்பா சத்தம்?”

“ஜெயிச்சுட்டோம்மா.”

ஈரக்கையோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ இருக்கும்போதே ஜெயிச்சிருக்கக் கூடாதாப்பா?” என்றாள்.

நான் சத்தத்தைக் குறைத்தேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.