வைதேகி காத்திருந்த லைன்

தி. நகர் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டில் நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என்னோடு அங்கே பாடம் நடத்தும் வைதேகியின் தம்பி. "அக்கா போயிட்டா" என்றான். மஞ்சள் காமாலை என்று லீவு போட்டவள் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் அவள் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களில் யார்தான் வேறு மாதிரி நினைத்தோம்?

நெட்வொர்க் பாடத்தை அவளைப் போல நடத்த இங்கே ஆளில்லை. "ஒரே அட்ரஸ்ல மூணு வெப்சைட் எப்படி மேடம்?" என்று மாணவர் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "வாசல்ல ஒரு மெஷின் நிக்கறது. வந்தவா யாரைக் கேக்கறான்னு பார்த்து, அதுவே உள்ளே போய் எடுத்துண்டு வந்து குடுத்துடும். வந்தவாளை உள்ளே அலைய விடப்படாது" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் அதைச் செய்தும் வைத்திருந்தாள். படுக்கையறையில் நாலு பழைய கம்ப்யூட்டர்கள். அவள் சொன்ன வாசல் மெஷினாக ஒன்று, அதற்குப் பின்னால் தெருக்கோடி சபாவுக்கும் மருந்துக்கடைக்கும் எதிர்வீட்டுத் தையல் வகுப்புக்கும் ஆளுக்கு ஒன்று, ஆளுக்கொரு வெப்சைட் பெயர். ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் எந்தப் பெயரை அடித்தாலும் அவர்களுடைய பக்கம் வந்து நிற்கும். "பெட்டிக்கெல்லாம் ஃபேன், நேக்கு விசிறி" என்று அவள் அம்மா அலுத்துக்கொள்வார்.

இதெல்லாம் வெளியே தெரிய இன்டர்நெட்டுக்கென்று தனி லைன் வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அது தள்ளிக்கொண்டே போனது. அதுவரை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடித்துப் போட்டு வையேன் என்று மன்றாடிப் பார்த்தேன். "போடி, எங்காத்துலேர்ந்துதான் போகணும்" என்றாள். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. போட்டிருந்தால் நாலு பேராவது பார்த்திருப்பார்களே!

காரியமெல்லாம் முடிந்தபின் போயிருந்தேன். தம்பி எல்லா மெஷின்களையும் ஆன் செய்தான். ஹாலில் சபாவின் மார்கழிக் கச்சேரிப் பட்டியல் வந்தது.

"இதை இப்போ எல்லாரும் பாக்கறாளா?" என்று வைதேகியின் அம்மா என்னைக் கேட்டார்.

"இல்லை மாமி. லைன் வரலை. நாம மட்டும்தான்."

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்துக்கடை, தையல் வகுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார்.

அவள் கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். அதில் நானும் ஒருத்தி. வைதேகியிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது அதுதான். எனக்கு அது போதவில்லை.