தேத்தண்ணி வீசிய கை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெளிநாடு வந்தபின் ஹவுன்ஸ்லோவில் மூன்று கடைகள், ஹரோவில் சொந்த வீடு, எல்லாம் இந்தக் கை எழுப்பியவை.

போன வருடம் மனைவியோடு மெக்சிகோ போனேன். அருவி பார்த்துவிட்டு மாயன் இடிபாடுகளுக்குப் போகும் வழியில், கத்தியோடு இருவர் நாங்கள் போன வான் வண்டியை மறித்து, எங்கள் வழிகாட்டிப் பெண்ணை முடியில் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

“இறங்காதேங்கோப்பா, வெட்டிப்போடுவாங்கள்!” என்று மனைவி கத்தினாள்.

“பிளாஸ்க்கைத் தாரும்!” என்றேன். வழிக்கென்று அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்த பிளாஸ்க் அது.

இறங்கி, கொதித்த தேத்தண்ணியை ஒருவன் முகத்தில் வீசினேன். அலறி விழுந்தான். மற்றவன் என் தோளை வெட்டினான். வெறும் பிளாஸ்க்கால் அவன் மூக்கை உடைத்தேன். இருவரும் ஓடினார்கள், பெண் தப்பினாள்.

அந்த அலறல் இன்றும் தூக்கத்தில் கேட்கிறது. ஆனால் விருந்துகளில் மனைவி, “என்ர தேத்தண்ணிதான் அவளைக் காப்பாத்தினது” என்கிறாள். ஊற்றியது அவள்தான், ஓம். வீசியது நான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.