மீன் வாசம் அடித்த கணுக்கால்

நான் எட்டாவது படித்த வருஷம் தசரா விடுமுறை முழுக்க என் வலது கணுக்காலில் மீன் வாசம் அடித்தது. நீலசந்திராவில் எங்கள் தெருவிலிருந்த மூன்று பூனைகளும் எங்கள் வாசலிலேயே குடியேறிவிட்டன.

பள்ளியில் நானூறு மீட்டரில் என்னை முந்த ஆளில்லை. விடுமுறை முடிந்ததும் மாவட்டப் போட்டி. அதற்காகத் தெருவில் ஓடிப் பழகினேன். சாக்கடை மேல் போட்டிருந்த கல் ஒன்று ஆடியது. கால் பிசகி விழுந்தேன். கணுக்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. அம்மா சுளுக்கு எடுப்பவரிடம் இழுத்துப் போகப் பார்த்தாள். நான் போட்ட கூச்சலில் சித்தப்பா என்னை ஆட்டோவில் ஏற்றிப் பி.டி. மிஸ் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மிஸ் காலை அசைத்துப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். ஒரு பேண்டேஜையும், கன்னடத்தில் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார்.

"ஸ்வல்ப பொறுமையா இருந்தா ஓடலாம். இல்லன்னா ரேஷ்மாவ அனுப்பிடுவேன்."

ரேஷ்மா எனக்கு அடுத்து வருபவள். அவள் பெயரைக் கேட்டதும் கால்வலி மறந்துபோனது.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அந்தத் தாள் வீட்டுக்குச் சட்டமானது, நான் நீதிபதியானேன். ஐஸ் வை, கட்டு போடு, காலை உயர்த்தி வை, தைலம் தேய்க்காதே, மாடிப்படி ஏறாதே. வலி குறைந்ததும் ஒற்றைக்காலில் நின்று பழகு, பிறகு நட, அப்புறம்தான் ஓடு. இவற்றோடு, தினம் இரண்டு முட்டை சாப்பிடு, பாத்திரம் தேய்க்காதே என்று இரண்டு வரிகளை நானே சேர்த்துப் படித்தேன்.

"காலுக்கும் பாத்திரத்துக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"நின்னுதானம்மா தேய்க்கணும்?"

அம்மா தாளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். மாடிப்படி என்ற இடத்தில் மட்டும் சிரித்தாள். ஒரு அப்பார்ட்மென்ட்டில் நாலு மாடிப் படிகளையும் கூட்டித் துடைப்பது அவள் வேலை. "முட்டிக்கு எதுனா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். "இது கணுக்காலுக்கும்மா" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. சித்தப்பா மீன் கடையில் மீன் வெட்டுகிறவர். தினமும் காலையில் ஒரு கவர் நிறைய ஐஸ் கொண்டுவந்தார். "வஞ்சரத்துக்குப் போட்ட ஐஸு கண்ணு. மத்தி ஐஸெல்லாம் உனக்கு எடுத்தாருவேனா?" என்பார். வஞ்சரமோ மத்தியோ, பூனைகள் வித்தியாசம் பார்க்கவில்லை.

காலை உயர்த்தி வைப்பதுதான் பெரும்பாடு. ஒற்றை அறை வீடு. தலையணைகளை அடுக்கி நீட்டினால் கால் சாமி படத்தைப் பார்த்தது. "சாமிக்கே காலக் காட்டுறியாடி!" என்று அம்மா அலறினாள். திரும்பிப் படுத்தால் டிவியை மறைத்தது. "தங்கம், அந்தக் கட்டை வெரலக் கொஞ்சம் மடக்கு, ஸ்கோர் தெரியல" என்பார் சித்தப்பா.

மீன் வாசம் பேண்டேஜிலும் ஏறிவிட்டது. அதனால் அம்மா காலையில் அதை அவிழ்த்துக்கொண்டு வேலைக்குப் போவாள். "அங்க ஒரு வீட்டுல மெஷின்ல போட்டு எடுத்தாரேன்" என்றாள். மத்தியானம் அவள் திரும்பி வரும்வரை என் கால் தலையணை மேல் கிடக்கும். வந்ததும் கட்டிவிடுவாள். என் பேண்டேஜ் மெஷினில் துவைக்கப்படுவதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் அது தைல வாசத்தோடு வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"தைலம் கூடாதுன்னு படிச்சேன் இல்ல? எனக்குத் தெரியாம என் கால்ல தடவப் பாக்குறியா? ரேஷ்மா போகட்டும்னு இருக்கியா?"

"தப்புதான் தாயி. இனிமே வாசம் வராது" என்றாள் அம்மா.

தாளில் இருந்ததை எல்லாம் செய்தேன். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நின்றேன், நடந்தேன், கடைசியில் மெதுவாக ஓடினேன். மிஸ் என்னை ஒற்றைக்காலில் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பட்டியலில் எழுதியிருந்த ரேஷ்மாவின் பெயரை அடித்தார். போட்டிக்கு முந்தின நாள் கட்டிப் பார்த்தால் பேண்டேஜ் தொளதொளவென்று நழுவியது. மெஷினில் போட்டுப் போட்டு அம்மா அதைக் கெடுத்துவிட்டாள் என்று மறுபடியும் கத்தினேன். பேண்டேஜ் இல்லாமலே ஓடி மூன்றாவதாக வந்தேன். அந்தப் பதக்கம் இன்றும் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அன்று சாயங்காலம் அம்மா பேண்டேஜை ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டே, "இனிமே இது உனக்கு வேணாம் இல்ல?" என்று கேட்டாள்.

வெற்றி பெற்றவளின் பெருந்தன்மையோடு, "எடுத்துக்கோம்மா, தரை துடைக்க ஆகும்" என்றேன்.

"ஆமா, ஆகும்" என்று சொல்லி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் அதைப் பத்திரமாக வைத்தாள். தரை துடைக்கிற துணியை யாராவது இவ்வளவு அழகாகச் சுருட்டி வைப்பார்களா என்று எனக்கு அன்று தோன்றவில்லை. முட்டை தின்று தெம்பாக இருந்தேன்.