பெரிய இன்ஜெக்டர்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு ஸ்ப்ரே கன்னால் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு அடிக்கிறவர் அவர். என்னைவிடச் சின்னவர், ஆனால் தலையும் புருவமும் வெள்ளைத் தூளாகவே இருக்கும். பேச்சுக்கு நடுவில் கன்னை ஒருமுறை காற்றில் ‘புஸ்’ என்று அழுத்திக்கொள்வார். பைக் டியூனிங்கில் கில்லாடி என்று கேள்விப்பட்டு, என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரில் பெரிதாக ஆசையாக வாங்கிய ஒன்றோடு அவரிடம் போனேன்.

“இதை மாட்டுனா வண்டி பறக்கும்ல?”

அவர் கன்னின் முனையில் பெரிய ஓட்டையுள்ள நாசிலை மாட்டி, எதிரே சுழன்றுகொண்டிருந்த பீங்கான் யானைமேல் அடித்தார். யானையின் கண் கிளேஸில் மூழ்கிவிட்டது.

“பாத்தீங்களாண்ணே? ஓட்டை பெருசானா, அது தொறந்திருக்கிற நேரத்தக் கொறைக்கணும். ஒங்க வண்டி கம்ப்யூட்டர்ல அத மாத்த வழியில்ல. பெட்ரோலு எரியாம கரும்பொகையாப் போயிடும்.” புஸ். “எப்ப அடிக்கணும்னும் இருக்குது. யானை மூஞ்சியக் காட்டறப்பதான் நான் அடிப்பேன். முதுகக் காட்டறப்ப அடிச்சா மூஞ்சிக்கு வருமா? இன்ஜெக்டரும் அப்படித்தான், நேரம் பாத்துதான் அடிக்கணும். பழசே போதும்ணே.”

“அப்ப இத என்ன பண்றது?”

“எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க.”

மறுவாரம் ஸ்ரீமுஷ்ணம் சாலையில் கரும்புகைக்குள் மாட்டிக்கொண்டேன். முன்னால் அவருடைய பைக். பக்கத்தில் போய், “என்னப்பா இது?” என்று கத்தினேன்.

“தெரியுங்கண்ணே! கையில இருக்கறப்ப மாட்டிப் பாக்காம இருக்க முடியல!”

பழைய இன்ஜெக்டரோடு அவரைச் சுலபமாக முந்திப் போனேன். கண்ணாடியில் பார்த்தால், என்னமோ அவர்தான் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்.