காலியாக இருந்த வலப்பக்கம்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை செய்யும் கல்லூரியில் குணபூசணி அக்கா பதினொரு வருடமாகப் பகுதிநேர விரிவுரையாளர். பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக வசிக்கிறார். மேற்கத்திய, இஸ்லாமிய நாகரிகங்களின் ஆட்சி முறைகளை ஒப்பிடும் பாடம் அவருடையது. இந்துவான தான் இந்தப் பாடத்தில் ஒரு சொல்லைக்கூடச் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பாடநூலில் இருப்பதுதான் பலகையில் வரும்.

பலகையின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கத்தை முழுதாக எழுதிய பிறகே வலப்பக்கத்துக்குப் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை இடப்பக்கத்தில் மேற்கத்திய முறையை எழுதினார்: அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது; சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றும், மாற்றும்; ஆள்பவரைத் தேர்தலில் நீக்கலாம். வலப்பக்கத்தில் ‘இஸ்லாமிய முறை’ என்ற தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, மை தீர்ந்த மார்க்கரை மாற்றத் திரும்பினார். அந்த ஒரு நிமிடத்தில் யாரோ படம் எடுத்துவிட்டார்கள்.

மதியத்துக்குள் படம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ‘இஸ்லாத்தில் ஒன்றுமே இல்லையாம்’ என்று கீழே எழுதியிருந்தது. சாயங்காலம், மதத்தை இழிவுபடுத்தியதாகப் போலீஸில் ரிப்போர்ட் செய்யப்போவது யார் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

மறுநாள் துறைத்தலைவர் ராஜினி எங்கள் அறைக்கே வந்தார்.

“அக்கா, மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. மேட்டர் குளோஸ் லா.”

“செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டா, செஞ்சேன்னு ஆயிடாதா? நாளைக்கு அந்த லெட்டரையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனா?”

“லெட்டர் இல்லன்னா அடுத்த செமஸ்டருக்கு என்னால உங்க பேரை அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன்.”

அன்று முழுதும் அக்கா ஃபோனைக் கவிழ்த்தே வைத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடினார். முந்தின ராத்திரி வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றதும், போலீஸோ என்று விளக்கை அணைத்துவிட்டதாகச் சொன்னார். “வந்து கூப்பிட்டா என்ன உடுத்திட்டுப் போறது?” என்று திடீரெனக் கேட்டார்.

வியாழக்கிழமை காலை ருக்கையா வந்தாள். கிள்ளானிலிருந்து வரும் மாணவி. தமிழ் முஸ்லிம் குடும்பம்.

“மிஸ், குரூப்பைப் பாத்தீங்களா?”

“பாக்கல. பாக்க மாட்டேன்.”

“பாருங்க மிஸ். நான் போட்டிருக்கேன்.”

தன் ஃபோனில் காட்டினாள்: அவளுடைய நோட்டின் படம், தேதியோடு. பலகையின் இரண்டு பக்கமும் அதில் முழுதாக இருந்தன. வலப்பக்கத்தில்: இறையாண்மை இறைவனுக்கே, ஆள்பவர் ஷூரா எனப்படும் கலந்தாலோசனை நடத்த வேண்டும், பதவி ஓர் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அதற்கு அவர் மக்களுக்கும் இறைவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘மிஸ் இதையும் எழுதினார். பாதியைப் படம் எடுத்தவர் மீதியையும் காட்டட்டும். ருக்கையா, கிள்ளான்.’

அக்காவின் முகம் வெளுத்தது. “பேரை எதுக்கும்மா போட்ட?”

“பேர் இல்லாம போட்டா யார் மிஸ் நம்புவா?”

“அவனுங்க உன்னைத் தேடி வந்தா?”

“வரட்டும். வாப்பாதான் போடச் சொன்னாரு. பொய்க்குத் துணை போகாதேன்னாரு.” சிரிக்கப் பார்த்தாள்.

மாலைக்குள் முதல் படத்தைப் போட்டவர் அதை அழித்துவிட்டார். ராஜினி கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஆனால் போலீஸுக்கு ரிப்போர்ட் எதுவும் போகவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் ஆள் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வகுப்புக்குப் போனார். என்னை வாசல் வரை வரச் சொன்னார்; நான் உள்ளேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ருக்கையாவின் இடம் காலியாக இருந்தது. பத்து நிமிடம் கழிந்தது. அக்கா வருகைப் பதிவை இரண்டு முறை வாசித்தார். அவளுடைய எண்ணுக்கு அழைத்தார், எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் கதவு திறந்தது.

“சாரி மிஸ், கேடிஎம் ட்ரெயின் லேட் லா. ஃபோன்ல பேட்டரி இல்ல.”

“உக்காரும்மா,” என்றார் அக்கா. பலகைப் பக்கம் திரும்பி, மார்க்கரின் மூடியைத் திறக்க முடியாமல் நின்றார்.