ஞானமகன் எடுத்த குத்தகை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த பேசில் எனக்குச் சித்தப்பா மகன். டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்றவன். எந்தத் துரைக்கும் குடை பிடித்ததில்லை. அவனுக்கு லியோனல் மாதிரி ஒரு பிள்ளை எங்கிருந்து வந்தது என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தாய்வழியைக் குறை சொல்லலாம் என்றால் அவர்களும் நல்ல மனிதர்கள்.

லியோனலை ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றவள் பேசிலின் தங்கை மார்க்கிரட். அத்தையும் அவளே, ஞானத்தாயும் அவளே. தாய் நோயில் கிடந்த காலத்தில் அவனுக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவளும் அவள்தான். பிறகு கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டாள். புருஷன் செத்தபின் அங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனாள்.

பையன் காப்புறுதி விற்றான், கார் விற்றான், எதுவும் ஓடவில்லை. கடைசியில் ஒரு பெரிய மனிதருக்குக் கோல்ஃப் திடலில் குடை பிடித்தான். பள்ளிக்கூடக் கக்கூஸ் கழுவும் குத்தகை கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே மார்க்கிரட் வேலை செய்த ஆஸ்பத்திரியின் துப்புரவுக் குத்தகைக்கு ஏறினான். துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவனுக்கு இயக்குநர் என்று பெயரட்டை. சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கி வைத்திருந்த எனக்கே அதை நீட்டுவான்.

அவன் கண்டுபிடித்தது ஒரே ஒரு வித்தை. குத்தகை முடிந்து மறுபடி எடுக்கும்போது கொம்பெனிக்கு வேறு பெயர் வைப்பான். பழைய பெயரில் எல்லாரும் வேலையை விட்டதாகக் கையெழுத்து, புதுப் பெயரில் புது ஆளாகக் கையெழுத்து. அதே வார்டு, அதே வாளி. நரைத்த பெண்களெல்லாம் நேற்றுச் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவார்கள். சேர்த்து வைத்த லீவு போய்விடும். இந்த வித்தைக்கு அவனுக்குக் கண்ணாடிக் கேடயம் வேறு கொடுத்தார்கள்.

மார்க்கிரட்டின் மகள் ஏமிக்குக் கல்யாணம். கோயிலில் மூன்று கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கொம்பெனி பெயர் மாறியது. புது ஆளுக்கு லீவு இல்லை, வராவிட்டால் வேலையும் இல்லை என்றான் சூப்பர்வைசர் வாசு. வேலை போனால் வீடு நடக்காது. ஞானமகனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பிள்ளைக்குக் கல்யாணம்டா லியோ. ஒரு நாள் விடச் சொல்லு."

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா, அத்தை. சூப்பர்வைசர் மூலமா மனுப் போடுங்க."

"நான் பழைய ஆளுடா."

"அது பழைய கொம்பெனில. இதுல நீங்க புதுசு. கவலப்படாதீங்க, கல்யாணத்துக்கு நான் வந்துடுவேன்."

எங்கள் வழக்கத்தில் பெண் கோயிலுக்குப் புறப்படும் முன் பெற்றவள் அவள் நெற்றியில் சிலுவை வரைய வேண்டும். பெற்றவள் காலை ஷிஃப்டில் நின்றாள். ஏமி காரை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி நாங்கள் வார்டு வாசலுக்குப் போனோம். மார்க்கிரட் கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஈரத் தரையில் முழந்தாளிட்ட மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

அந்நேரம் பார்வையிட வந்த அதிகாரிகளோடு லியோனல் நுழைந்தான். மணப்பெண் யார் என்று ஓர் அதிகாரி அம்மா கேட்டார்.

"எங்க ஸ்டாஃபோட மக, புவான். எங்க கொம்பெனில எல்லாரும் ஒரே குடும்பம்" என்றான் அந்த அம்மாவிடம் மலாய் மொழியில். அத்தை என்று வாய் திறக்கவில்லை. போட்டோ எடுக்கச் சொல்லி நடுவில் நின்றுகொண்டான். எடுத்து முடிந்ததும் மார்க்கிரட்டின் காதருகில் குனிந்தான்.

"அங்க ஈரமா இருக்கு அத்தை. யாராச்சும் வழுக்கிடுவாங்க."

அவள் துடைப்பத்தை எடுத்தாள். கோயிலில் கல்யாணப் பூசையில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. சொன்னபடி அவன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். விருந்தில் ஆட்டுக்கறியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

போட்டோ கொம்பெனி காலண்டரில் வந்தது. மறு வருஷம் ஏமிக்குக் குழந்தை பிறந்தது. அதிகாரி அம்மா போட்டோவில் இருந்த குடும்பத்தை விசாரித்தாராம், அடுத்த குத்தகையும் நெருங்கியதாம். லியோனல் மார்க்கிரட் வீட்டுக்குப் பழக்கூடையோடு வந்து நின்றான்.

"குழந்தைக்கு நானே ஞானத்தகப்பனா நிக்கிறேன் அத்தை."

மார்க்கிரட் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காரு தம்பி. இந்த வீட்டுக்கு நீ புது ஆளு. வாசு மூலமா மனுப் போடு, பாப்போம்."

பழக்கூடையை வைத்துவிட்டா போனான் என்று கேட்பீர்கள். எடுத்துக்கொண்டுதான் போனான்.