ஒரு மெக்குக்குள் இரண்டு பிறை

பழைய கொம்பியூட்டர் திருத்துவது, பொறுமையை விற்று வயிறு வளர்க்கும் தொழில். கல்முனையில் பன்னிரண்டு வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன். கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் யாராவது அன்போடு கொண்டுவந்த பழைய அப்பிள் மெக் ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, உங்கள் வேலைக்கான மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தால், நீங்களும் என் கட்சி. மெக்கின் திரையில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் விண்டோஸை ஓட்டிக்காட்டும் மென்பொருள் இருக்கிறது. புது மெக்கில் அது பறக்கும். பழையதில் என்ன செய்யும் என்பதைக் கீழே படியுங்கள்.

விற்கக் கூடாத சாமான்

மருதமுனை ரமீசா ஒரு வெள்ளை மெக்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பவர். இரண்டு பிள்ளைகளுக்கும் இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயதில்லை. வேலைக்கென்று வெளியே போக வழியில்லை. அந்த வருடம் பக்கத்துப் பள்ளிவாசல் முதன்முறையாக ரமழான் மாத நோன்பு நேர அட்டையை அவரிடம் கொடுத்திருந்தது. அது சரியாக வந்தால் பள்ளிவாசலின் மற்ற அச்சு வேலைகளும் வீடு தேடி வரும், பிழைத்தால் பழையபடி மட்டக்களப்புக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய கொம்பியூட்டர் செத்துப்போனது. எழுத்துருக்கள், மாதிரிகள் எல்லாம் விண்டோஸ் மென்பொருளில். கையில் மிஞ்சியது இந்த மெக் மட்டும்.

"இதை விற்றால் அதே விலைக்கு நல்ல விண்டோஸ் லெப்டொப் ஒன்று எடுக்கலாம், தங்கச்சி" என்றேன். கணக்குப்படி என் யோசனையில் பிழையில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கொண்டுவந்த சாமானை விற்பது எங்கள் ஊரில் கணக்கில் சேராத விசயம் என்பதை மறந்துபோனேன். ரமீசா துவாயை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நானா, என்ட தம்பி இத கட்டார்ல இரிந்து மடியில வெச்சிக் கொண்டு வந்தவன். இத வித்துப்போட்டு அவன்ட மொகத்த நான் எப்பிடிப் பாக்கிற?"

பதினொரு நிமிடம்

மெக்குக்குள் விண்டோஸை ஏற்றினேன். எழுந்து நிற்க இருபது நிமிடம் எடுத்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் அடுத்து என்ன தட்ட நினைத்தோம் என்பது மறந்துவிடும். உங்களில் பலர் செய்யும் அதே மடத்தனத்தை நானும் செய்தேன்: மெக்கின் நினைவகத்தில் பெரும்பங்கை விண்டோஸுக்கு அள்ளிக் கொடுத்தேன். உடனே மெக்குக்கு மூச்சு முட்டியது. மெக்குக்கே மூச்சு முட்டினால் உள்ளே இருக்கும் விண்டோஸ் எப்படி ஓடும்?

பிறகுதான் புத்தி வந்து, கொடுத்ததைக் குறைத்தேன். படம், சத்தம், அசைவு எல்லாவற்றையும் நிறுத்தினேன். மெக்கையும் விண்டோஸையும் இணைப்பதற்கென்று அந்த மென்பொருள் உள்ளே போட்டுவைத்த சின்னச் சின்ன உதவிக் கருவிகளையும் ஒன்று விடாமல் கழற்றி எறிந்தேன். இருபது நிமிடம் பதினொன்றாகக் குறைந்தது. தட்டிய எழுத்து தட்டிய கையோடு வந்தது. இத்தனை வயதான இயந்திரம் ஒரே நேரத்தில் இரண்டு கொம்பியூட்டராக வேலை செய்வதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. ஆனாலும் பதினொரு நிமிடம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம். ரமீசா முகத்தில் கவலையே இல்லை.

"பதினொரு நிமிசமா? புள்ளைக்கிச் சோறு தீத்திப்போட்டு வர அது சரியா இரிக்கும் நானா."

மாஸ்டரின் வைத்தியம்

சனிக்கிழமை காலை ரமீசா மெக்கை எடுக்க வந்தபோது காரைதீவு சிவநேசன் மாஸ்டரும் கடையில் இருந்தார். கணித ஆசிரியர். அவருடைய மெக் இதைவிடக் கிழம். விண்டோஸின் ஒவ்வொரு கட்டளையையும் அந்த மெக்குக்கு விளங்கும்படி மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத்தான் ஓட வேண்டும். அதில்தான் வகுப்புப் பிள்ளைகளின் புள்ளி அட்டவணை முழுவதையும் செய்கிறார். அந்தப் பொறுமைக்கு நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன்.

எங்கள் பதினொரு நிமிடக் கதையைக் கேட்டு மாஸ்டர் சிரித்தார். விண்டோஸை ஏன் மூட வேண்டும், வேலை முடிந்ததும் அப்படியே இடைநிறுத்தி வைத்தால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து அரை நிமிடத்தில் எழும்புமே என்றார். எனக்கும் தெரிந்த வசதிதான், சொல்லத் தோன்றவில்லை. ரமீசா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"என்ட விண்டோஸ் போன தீபாவளிக்குத் திறந்தது தம்பி. இன்னும் மூடல்ல."

சவூதிப் பிறை

திங்கட்கிழமை காலை ரமீசா அவசரமாக வந்து மெக்கை மேசையில் வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் பள்ளிவாசல் நிர்வாகத்து ஹாஜியார் உள்ளே வந்தார். வீட்டில் விசாரித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். கையில் ரமீசா ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய நோன்பு அட்டையின் மாதிரி. செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போய், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் எல்லோர் கைக்கும் கிடைக்க வேண்டியது. அதில் முதல் நோன்பு ஒரு நாள் முந்தி விழுந்திருந்தது.

வேறு ஊராக இருந்தால் எழுத்துப்பிழை என்று ஒரு கோடு கீறியிருப்பார்கள். எங்கள் ஊரில் இது சாதாரண விசயமா? உள்ளூரில் பிறை கண்டால்தான் நோன்பு என்று ஒரு பக்கம், பெரும்பாலும் ஒரு நாள் முந்திவிடும் சவூதிப் பிறையே போதும் என்று மறு பக்கம், வருடா வருடம் இழுபறி. அட்டையைப் பார்த்த நிர்வாகத்தில் ஒருவருக்கும் இது பிழையாக இருக்கலாம் என்றே தோன்றவில்லை. ஞாயிறு மாலை அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் ஆலோசித்திருக்கிறார்கள். தம்பி எங்கே வேலை செய்கிறான் என்று ஒருவர் கேட்க, கட்டாரில், அங்கேயும் சவூதிப் பிறைதான் என்று இன்னொருவர் சொல்ல, வழக்கு அதோடு முடிந்திருக்கிறது. ஹாஜியார் கோபப்படவில்லை. மனம் நொந்த குரலில்தான் கேட்டார்.

"மகள், ஒங்கட வீட்டில சவூதிப் பிறையா? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

மேலே திங்கள், கீழே சனி

ரமீசா அவர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு மெக்கைத் திறந்து விரலால் காட்டினார். திரையின் மேல் மூலையில் மெக்கின் தேதி: திங்கட்கிழமை. சதுரத்துக்குள் விண்டோஸின் தேதி: இன்னும் சனிக்கிழமை. இடைநிறுத்தினால் விண்டோஸின் மணிக்கூடும் நின்றுவிடுகிறது. நோன்புக்கு இன்னும் இத்தனை நாள் என்று ரமீசா கொடுக்க, மீதித் தேதிகளை அட்டையின் அட்டவணை 'இன்றைய' தேதியிலிருந்து தானே நிரப்பிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அதை நிரப்பியபோது விண்டோஸுக்கு அன்று சனிக்கிழமை.

மணிக்கூட்டைத் திருத்திவிடுவதற்கென்றே ஒரு உதவிக் கருவி உண்டு. மாஸ்டரின் மெக்கில் அது பத்திரமாக இருக்கிறது. இங்கே வேகம் வேகம் என்று அதைக் கழற்றி எறிந்தவன் நான். "பிழை என்னுடையது ஹாஜியார்" என்று சொல்லும்போது தலை தானாகக் குனிந்தது. ஆனால் ரமீசாவோ காலையிலேயே இதைக் கண்டுபிடித்து, முப்பது நாளையும் பள்ளிவாசல் கொடுத்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துத் திருத்தி, புது மாதிரி ஒன்றை அச்செடுத்துப் பையில் கொண்டுவந்திருந்தார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு வருடத்தில் என் கடைக்கு வந்தவர்களில் அவரைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை. வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தால் முகத்தை எங்கே வைப்பது?

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பது வரியையும் விரல் வைத்து வாசித்தார். அதற்குக் கால் மணி நேரம் எடுத்தது. பிறகு போனை எடுத்து நிர்வாகத்தில் யாரையோ கூப்பிட்டார்.

"அட்டை சரி. பெருநாள் நோட்டீசும் இந்தப் புள்ளதான் செய்யும். கட்டார்க் கதைய இனி ஒருத்தரும் எடுக்கப்படாது."

பழைய மெக்கில் விண்டோஸ் எப்படி ஓடும் என்று இப்போது யாராவது கேட்டால், ரமீசா ஓட்டினால் நன்றாக ஓடும், நான் திருத்திக் கொடுத்தால் வேகமாக ஓடி இரண்டு நாள் பிந்தி வந்து சேரும் என்று சொல்லிவிடுகிறேன்.